பாட்டுக்குக் கீழே நான்கு பெயர்

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் குழுவை ஆரம்பித்த நான்கு பேரும் 2024 ஜூனில் ஒன்றாக உட்கார்ந்து பழைய கதை பேசிய பேட்டியைப் பார்த்தேன். குடியாத்தம், ஆம்பூர், ஆற்காடு பக்கம் ஆர்கெஸ்ட்ரா நடத்துகிற எல்லாரும் அதைப் பார்க்க வேண்டும்.

ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ், நம்ம வேலூர் மாதிரி வெளியூர்ப் பிள்ளைகள் வந்து படிக்கிற ஊர். 1980 ஏப்ரலில், ஒரு பழைய சர்ச்சில் நடந்த பிறந்தநாள் விருந்துதான் இவர்களுக்கு முதல் மேடை. 2011-இல் சண்டை சச்சரவு இல்லாமல் கலைத்தார்கள்.

31 வருடம் தாங்கியதற்குக் காரணம் என்று நான் நினைப்பது ஒன்றுதான். யார் மெட்டுப் போட்டாலும் பாட்டுக்குக் கீழே நான்கு பெயரும் இருக்கும், பணமும் சமமாகப் பிரியும். 1991-இல் உலகம் முழுக்க ஓடிய அவர்களுடைய பாட்டு, கிட்டார்க்காரர் பீட்டர் பக் மாண்டலின் பழகும்போது கிடைத்த மெட்டு. அதிலும் நான்கு பெயர்தான். ஒருவர் வேண்டாம் என்றால் அந்த வேலையே நடக்காது.

டிரம்மர் பில் பெர்ரி 1995-இல் சுவிட்சர்லாந்து மேடையிலேயே மூளை ரத்தக்குழாய் வீங்கிச் சரிந்தார். பிழைத்து வந்து, 1997-இல் விலகினார். தன்னால் குழு கலையும் என்றால் விலகமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கூலிக்கு வாசிப்பவருக்கு அந்த அக்கறை வருமா?

இங்கே நிலைமை வேறு. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, ஆடிக்கூழ் என்று சீசனில் ராத்திரி முழுக்க வாசிக்கிறோம். பார்ட்டி எவ்வளவு கொடுத்தது என்பது ஓனருக்கு மட்டும் தெரியும். நான் கீபோர்டு வாசித்த ஒரு குழு, ஒரு கல்யாணக் கச்சேரி அட்வான்ஸ் தகராறில் இரண்டாக உடைந்தது. அந்தக் குழுவில் இருந்த தபேலாக்காரர் போல வாசிக்கிறவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. இப்போது அவர் வாசிப்பதே இல்லை. இன்றைக்கும் அது எனக்கு ஆறவில்லை.

வண்டி, ஸ்பீக்கர், மிக்சர் எல்லாம் ஓனர் போட்ட காசு, சரி. அதற்குத் தனியாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ளட்டும், நியாயம்தான். மிச்சத்தை எல்லார் முன்னாலும் எண்ணிப் பிரிக்கலாமே? சொந்தமாகப் பாட்டுப் போட்டு யூடியூபில் ஏற்றும் பசங்களுக்கு இது இன்னும் முக்கியம். ஏற்றுவதற்கு முன்னால் யார் யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு பேப்பரில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். ஓனர்களே, வருகிற ஆடிக்கு பேனர் அடிக்கும்போது பேடு, தபேலா, கீபோர்டு வாசிப்பவர்கள் பெயரையும் போடுங்கள்.