பத்து தோல்வியோடு சீசன் முடிந்துவிடாது

அமெரிக்க பேஸ்பாலில், "தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்ற அணி அந்த வருஷம் ப்ளேஆஃப் பார்த்ததே இல்லை, 2024 ஒயிட் சாக்ஸின் 21 தொடர் தோல்விதான் சாதனை" என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தப்பு.

2017 டாட்ஜர்ஸ் செப்டம்பரில் வரிசையாக 11 தோற்றது. 91-36 (வெற்றி-தோல்வி) என்றிருந்த கணக்கு பதினேழே ஆட்டத்தில் 92-52. அப்படியும் 104 வெற்றியோடு முடித்து, இறுதிச் சுற்றான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் வரை போனது. 1982 பிரேவ்ஸும் வரிசையாக 11 தோற்றுவிட்டுத்தான் தன் பிரிவை வென்று ப்ளேஆஃப் போனது.

21 என்பது இரண்டு லீக்குகளில் ஒன்றான அமெரிக்கன் லீக் கணக்கு மட்டும், அதிலும் 1988 ஓரியோல்ஸோடு பங்கு. மற்ற லீக்கில் 1961 பில்லீஸ் தொடர்ந்து 23 தோற்றிருக்கிறது. அந்த ஓரியோல்ஸ் மே 2 அன்று 1-23 என்ற நிலையில் சொந்த ஊர் பால்டிமோர் திரும்பியபோது மைதானத்துக்கு வந்தவர்கள் 50,402 பேர்! அடுத்த வருஷமே 87 வெற்றி.

புலம்புவதற்கு முன் ரன்களைப் பாருங்கள். எடுத்த ரன்னின் வர்க்கத்தை, எடுத்தது, கொடுத்தது இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் நியாயமான வெற்றி விகிதம் கிடைக்கும். பத்து ஆட்டத்தில் 35 எடுத்து 50 கொடுத்திருந்தால் 1225-ஐ 3725-ஆல் வகுக்க, சுமார் 0.33. அதாவது மூன்று வெற்றி வந்திருக்க வேண்டிய ஆட்டம். பத்தும் தோற்றிருந்தால், பாதியாவது ஒரு ரன்னில் கோட்டை விட்டதாகத்தான் இருக்கும். 20 எடுத்து 70 கொடுத்திருந்தால் 0.08க்கும் கீழே. அப்போது தாராளமாகப் புலம்பலாம்.