என்ன சரியில்லை என்று ஒருவராவது சொன்னீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். பொடி விற்கும் அக்கா, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து, இணையதளம் கட்டும் மென்பொருளான வேர்ட்பிரஸில் தானே கட்டிய தளத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். அரங்கமே சிரித்தது. "இதுக்குத்தான் டிசைனர் வேணும்ங்கிறது" என்று மேடையில் இருந்தவர் சொன்னதற்குக் கைதட்டல் வேறு. நாலு நாளாக எனக்கு மனசு ஆறவில்லை.

சிரித்தீர்கள், சரி. என்ன சரியில்லை என்று ஒருவராவது சொன்னீர்களா?

நான் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு வைத்த வரி இடைவெளியிலேயே தமிழை ஓடவிட்டிருந்தார். மேல் வரியின் 'பூ' கீழே இறங்கி, அடுத்த வரியின் 'கீ' தலையில் இடித்தது. வரி இடைவெளியை எழுத்தின் அளவைப்போல் 1.7 மடங்கு ஆக்கினால் பக்கமே மூச்சு விடும். சின்ன எழுத்தைத் தடிமனாக்கியதில் 'ண'வின் சுழிகள் அடைத்துப்போயிருந்தன. இரண்டு ஓரமும் நேராக நிற்கட்டும் என்று வரிகளை இழுத்ததில் நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி. தமிழ்ச் சொற்கள் நீளம், இடப்பக்கம் மட்டும் சீராக இருந்தால் போதும். நாலு எழுத்துருவுக்குப் பதில் ஒன்று. முக்தா மலர், கேட்டமரான், நோட்டோ சான்ஸ் தமிழ் எல்லாமே இலவசம். மஞ்சள் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். பார்வை குறைந்தவர்களும் படிக்க, சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டுதல். அவ்வளவுதான். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்குமா?

என் அப்பா அச்சுக்கோப்பவர். நான் முதன்முதலில் கட்டிய தளத்தைக் காட்டியபோது, கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்த்தார். "வரிக்கு நடுவுல ஈயத்தகடு போடலையாடா?" என்று கேட்டார். அச்சில் வரிக்கு வரி இடைவெளி விடச் செருகுவது அந்தத் தகடு. கணினியைத் தொட்டே பார்க்காதவர். அவர் சிரிக்கவில்லை. சொல்லிக் கொடுத்தார்.

"டிசைனர்கள் பிழைப்பில் கை வைக்கிறாயா?" என்று கேட்பீர்கள். இல்லை. முடிந்தவர்கள் காசு கொடுத்துச் செய்யட்டும், அது நியாயமான கூலி. ஆனால் மாதம் முழுக்க இடித்து அரைத்தும் கையில் சில ஆயிரம் மிஞ்சுகிறவர் என்ன செய்வார்? நானே ஒருமுறை ஒரு நிறுவனத்துக்குப் பணம் கட்டினேன். தொலைபேசி எண் மாற்றக்கூட அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டியிருந்தது. "தயார் தீம், அதாவது முன்பே செய்து வைத்த வடிவமைப்பு, போட்டால் எல்லாத் தளமும் ஒரே மாதிரி இருக்கும்" என்றால், இருக்கட்டுமே. பொடி வாங்க வருகிறவருக்கு விலையும் எண்ணும் தெரிந்தால் போதும்.

கணினி அச்சு வந்ததும் அப்பாவுக்கு வேலை போயிற்று. முப்பது வருடம் எழுத்தைத் தொட்ட கை அது. புதிதாக வந்தவர்கள் ஒருவர்கூட அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த முகத்தை ஞாயிற்றுக்கிழமை அக்காவிடம் பார்த்தேன். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார்.

நேற்று அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வரி இடைவெளியை மாற்றினோம். அப்புறம் 4 எம்பி இருந்த படங்களைச் சுருக்கினோம். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "இவ்வளவுதானா தம்பி?" என்றார்.