எமனாக வந்த லாரி

‘எமனாக வந்த தண்ணீர் லாரி’. இந்தத் தலைப்பைப் படிக்காமல் தமிழ்நாட்டில் யாரும் வளர்ந்திருக்க முடியாது. லாரி, அறுந்த மின்கம்பி, இடிந்த சுவர், மாஞ்சா நூல் என்று நம் செய்தித்தாள்களில் எமன் போடாத வேஷம் கிடையாது. யாரோ ஒரு உதவி ஆசிரியர் ராத்திரி அவசரத்தில் போட்ட தலைப்பு என்று சிரித்துவிட்டுப் போனவன்தான் நானும். போன வாரம் அக்கா மகளோடு உட்கார்ந்து ஒரு பேய்த் தொடர் பார்த்தேன், அதிலிருந்து அந்த உதவி ஆசிரியர் மேல் தனி மரியாதை வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் ஊர் சுற்றித்தான் வரவேண்டியிருக்கும்.

அந்தத் தொடரில் மரண தூதன் வருகிறான். பெயர் அஸ்ரேல். கறுப்புச் சிறகு, நெருப்புக் கண், அவன் வரும்போதெல்லாம் இடி. கதாநாயகி குடும்பத்தின் மேல் அவனுக்கு ஏதோ மூன்று தலைமுறைப் பகை. யார் சாகவேண்டும் என்று நான்தான் முடிவு செய்வேன் என்று ஒரு வசனம் வேறு. அங்கேதான் எனக்கு எரிச்சல் வந்தது. “கதைதானே மாமா, விடுங்க” என்றாள் அவள். கதைதான். சிறகு வைக்கட்டும், வால் வைக்கட்டும், ஆனால் அந்த ஆளின் உத்தியோகத்தையே மாற்றிவிட்டார்களே. முடிவு செய்வது எந்தக் காலத்தில் அவன் வேலையாக இருந்தது?

எனக்கு ஏன் இவ்வளவு ரோஷம் என்றால், என் அப்பா கோர்ட் அமீனா. ஜப்தி உத்தரவை எடுத்துக்கொண்டு யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கிற வேலை. பீரோ ஒன்று, டிவி ஒன்று, மொபெட் ஒன்று என்று பட்டியல் எழுதிக் கையெழுத்து வாங்கவேண்டும். வழக்குப் போட்டவன் வேறு, தீர்ப்புச் சொன்னவர் வேறு, மண்ணை வாரித் தூற்றுவது மட்டும் அமீனா தலையில். நாயை அவிழ்த்து விட்டிருக்கிறார்கள். உன் பிள்ளைகுட்டி விளங்காது என்று சாபம் கொடுத்திருக்கிறார்கள், அந்தப் பிள்ளைகுட்டி நாங்கள்தான். அப்பா எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தார். “நான் என்னம்மா செய்யட்டும், உத்தரவு.” செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுத்தான் அந்த வீடுகளுக்குள் போவாராம். முப்பது வருஷத்தில் ஒரே ஒரு வீட்டில், குத்தாலம் பக்கம், ஒரு பாட்டி “வெயில்ல வந்திருக்கியேப்பா” என்று சொம்பில் தண்ணீர் கொடுத்தாராம். அதை எத்தனை தடவை எங்களிடம் சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மரண தூதன் கதைகள் எதைப் படித்தாலும் நான் அமீனா மகனாகத்தான் படிக்கிறேன், பழைய நூல்களும் எனக்குத் தோதாகவே பேசுகின்றன. குர்ஆனில் 32ஆம் அத்தியாயம் 11ஆம் வசனத்தில் ‘மலக்குல் மவ்த்’ வருகிறார், மரணத்தின் வானவர். அவருக்கு அங்கே கொடுத்திருக்கும் அடையாளம், உங்கள் மேல் பொறுப்பு சாட்டப்பட்டவர் என்பதுதான். சாட்டியவன் இறைவன். அந்தத் தொடர்க்காரர்கள் அஸ்ரேல் ஆக்கிய இஸ்ராயீல் என்ற பெயர்கூட குர்ஆனில் கிடையாது, மரபில் வந்து ஒட்டிக்கொண்டது. பைபிளில் இன்னும் வேடிக்கை. மரண தூதன் என்று நிரந்தரப் பதவி வகிப்பவர் யாரும் அதில் இல்லை, அந்தந்த வேலைக்கு ஆள் அனுப்பப்படுகிறான். எகிப்தில் தலைப்பிள்ளைகள் சாகிற இரவில் வருபவனைத் தமிழ் வேதாகமம் ‘சங்காரக்காரன்’ என்கிறது. என்ன ஒரு சொல்! அசீரியர் பாளயத்தில் ஒரே ராத்திரியில் 1,85,000 பேரைச் சாய்த்துவிட்டுப் போகிற தூதனுக்கு ஒரு வரி வசனம்கூட இல்லை. தாவீது ராஜா குடிமதிப்பு எடுத்த குற்றத்துக்குக் கொள்ளைநோய் வந்து 70,000 பேர் இறக்கிறார்கள். அடுத்து எருசலேம் மேல் கை நீட்டிக்கொண்டு நிற்கிற தூதனிடம் கர்த்தர் “போதும், கையை நிறுத்து” என்கிறார். அவனும் அப்படியே அர்வனாவின் போரடிக்கிற களத்தில் நின்றுவிடுகிறான். ஆரம்பிக்கவும் உத்தரவு, நிறுத்தவும் உத்தரவு.

யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதில் இந்த ஆள் கொஞ்சம் பயங்கரமாகவே இருக்கிறார். உடம்பெல்லாம் கண், நோயாளியின் தலைமாட்டில் உருவிய வாள், வாள் நுனியில் ஒரு சொட்டுக் கசப்பு. பார்த்த அதிர்ச்சியில் நோயாளி வாயைப் பிளக்க, சொட்டு உள்ளே விழுகிறது, கதை முடிந்தது. இவ்வளவு மிரட்டலாக வருகிறவரையும் அதே தல்மூதில் ஒருவர் ஏமாற்றிவிடுகிறார் என்பதுதான் எனக்குப் பிடித்த இடம். யோசுவா பென் லேவி என்ற ரபி, அதாவது யூத குரு. “சொர்க்கத்தில் என் இடத்தைக் காட்டு” என்கிறார். சரி வா என்கிறார் தூதன். “வழியில் நீ பயமுறுத்துவாய், கத்தியை என்னிடம் கொடு” என்கிறார், அதையும் கொடுத்துவிடுகிறார். மதில் மேல் ஏற்றிக் காட்டும்போது ரபி அந்தப் பக்கம் குதித்துவிடுகிறார், தூதனுக்குக் கிடைத்தது அங்கியின் ஓரம் மட்டும். இறங்கி வரமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டார். மேலிடத்தில் விசாரணை நடந்து, இந்த மனிதர் இதுவரை ஒரு சத்தியத்தையும் ரத்து செய்து கேட்டதில்லை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று தீர்ப்பாகிறது. அப்போதும் கத்தியைக் கொடுக்க மாட்டேன் என்கிறார் ரபி. வானத்திலிருந்து குரல் வருகிறது: கொடுத்துவிடு, உயிர்களுக்கு அது தேவைப்படுகிறது.

இதைப் படித்தபோது எனக்குத் திருப்பைஞ்ஞீலிதான் ஞாபகம் வந்தது. திருக்கடையூரில் மார்க்கண்டேயனுக்காகச் சிவன் எமனை உதைத்தது எல்லாருக்கும் தெரியும். அதற்கப்புறம் என்ன ஆனது? எமன் இல்லை, சாவு இல்லை, பாரம் தாங்க முடியவில்லை என்று பூமாதேவி போய் முறையிட, அவனை எழுப்பி வேலையைத் திருப்பிக் கொடுத்த இடம் திருச்சிக்குப் பக்கத்தில் இருக்கிற திருப்பைஞ்ஞீலி. ரபியிடம் கத்தியைக் கேட்ட குரலும் இதைத்தானே சொன்னது?

அடி வாங்குவதிலும் அவருக்கு எல்லா மதத்திலும் அனுபவம் உண்டு. மூசா நபியிடம் மலக்குல் மவ்த் வந்தபோது அவர் ஓங்கி அறைந்ததில் கண் போய்விட்டது என்று புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு ஹதீஸ் உண்டு. வானவர் திரும்பிப் போய், “சாக விரும்பாத ஒரு அடியாரிடம் என்னை அனுப்பிவிட்டாயே” என்கிறார். என் அப்பா கோர்ட்டில் அமீனாக்களுக்கு மேலதிகாரியான நாசரிடம் போய்ச் சொல்வது போலவே இருக்கிறது. இறைவன் கண்ணைத் திருப்பிக் கொடுத்து, ஒரு காளையின் முதுகில் கை வைக்கச் சொல், கையில் அடங்கும் ஒவ்வொரு முடிக்கும் ஒரு வருஷம் ஆயுள் என்கிறான். மூசா நபி கேட்கிறார், “அதற்குப் பிறகு?” மரணம்தான். “அப்படியென்றால் இப்போதே ஆகட்டும்.” இந்த ஒரு உரையாடலுக்கு ஈடாக எந்தப் பேய்த் தொடரிலாவது ஒரு காட்சி இருந்தால் சொல்லுங்கள், கட்டணம் கட்டிப் பார்க்கிறேன்.

அப்பாவுக்கு அறுபது முடிந்தபோது திருக்கடையூரில்தான் கல்யாணம் செய்துவைத்தோம். முகூர்த்த நாள் என்பதால் பிராகாரத்தில் எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி, எந்தச் சாஸ்திரிகள் யாருக்கு மந்திரம் சொல்கிறார் என்றே புரியாத அளவுக்கு ஹோமப் புகை. கலசத் தண்ணீரை ஊற்றி ஊற்றி அப்பா நடுங்கிப்போய்விட்டார். காலசம்ஹாரமூர்த்தியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வரும்போது, தலை துவட்டிக்கொண்டே சொன்னார்: “உதை வாங்கியும் வேலையை விடலை பாரு, அவன்தான்டா கவர்மென்ட் ஆளு.”

ஒவ்வொரு ஊரிலும் அவர் கையில் இருக்கிற ஆயுதத்தையும் கவனியுங்கள். ஐரோப்பாவில் அறுவடை அரிவாள், நம் ஊரில் மாடு பிடிக்கிற கயிறு. அவரவர் ஊர் வேலைக்காரனைத்தான் அனுப்பியிருக்கிறார்கள்.

வாட்ஸ்அப்பில் ஒரு குருவிக் கதை வருமே, எமன் ஒரு குருவியை உற்றுப் பார்த்தான், கருடன் பயந்துபோய் அதைத் தூரத்து மலையில் கொண்டுபோய் விட்டான், குருவி சாகவேண்டிய இடமே அந்த மலைதான் என்று. குடும்பக் குழுவில் மாதம் ஒருமுறை சித்தப்பா அனுப்புவார். இதே கதை பாரசீகக் கவிஞர் ரூமியின் மஸ்னவி என்ற காவியத்தில் இருக்கிறது. அங்கே இஸ்ராயீல் முறைத்துப் பார்த்த ஆள் சுலைமான் நபியிடம் ஓடி, காற்றிடம் சொல்லி என்னை இந்தியாவுக்கு அனுப்பிவிடுங்கள் என்று கெஞ்சுகிறான். இந்தியாவில்தான் அவன் உயிரை எடுக்க உத்தரவு, இவன் இங்கே என்ன செய்கிறான் என்று ஆச்சரியத்தில் பார்த்தேன் என்கிறார் இஸ்ராயீல். ரூமிக்கு முந்தைய தல்மூதில் சாலொமோன் (அதே சுலைமான்தான்) தன் இரண்டு எழுத்தர்களைக் காப்பாற்ற, சாவு நுழையாத ஊர் என்று பேர்பெற்ற லூஸ் நகரத்துக்கு அனுப்ப, அவர்கள் கோட்டை வாசலிலேயே சாகிறார்கள். மூன்றிலும் அவருக்குப் பகை கிடையாது. விலாசம் இடிக்கிறதே என்ற குழப்பம்தான். சம்மன் வேறு ஊர் விலாசத்துக்கு இருக்கும்போது ஆளை இங்கே டீக்கடையில் பார்த்தால் அப்பாவும் அப்படித்தான் முழித்திருப்பார்.

புனைகதைக்காரர்கள் எல்லாரையும் நான் குறை சொல்லவில்லை. கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதையில் ஏழையின் பதிமூன்றாவது பிள்ளைக்கு மரணமே ஞானத்தகப்பனாக வருகிறார், பணக்காரன் ஏழை பார்க்காதவர் என்பதால். 1989இல் ‘சாண்ட்மேன்’ காமிக்ஸில் வந்த மரணம் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரி சிரித்துப் பேசுகிற இளம்பெண், அதுவும் எனக்குச் சம்மதமே. ஆனால் என்னைக் கேட்டால், இந்த உத்தியோகத்தைச் சரியாகப் புரிந்துகொண்டது நம் ஊர் எமன் காமெடிப் படங்கள்தான். நம்மாட்கள் எமலோகம் என்றதும் காட்டியது என்ன? ஆபீஸ். 1990இல் ‘அதிசயப் பிறவி’யில் ஆள் மாறி உயிர் எடுத்துவிட்டுத் திண்டாடுகிறார்கள். 1995இல் ‘லக்கி மேன்’, கவுண்டமணி எமன், செந்தில் சித்திரகுப்தன், ஏட்டைத் தொலைத்துவிட்டு அதைத் தேடி பூமிக்கு வருகிறார்கள். எட்டு வருஷம் கழித்து ஜப்பானில் ‘டெத் நோட்’ காமிக்ஸ் தொடங்குகிறது, அதிலும் மரண தேவனின் நோட்டு பூமியில் விழுகிறது. காப்பி என்று நான் சொல்ல வரவில்லை. அங்கே அந்த தேவன் பொழுது போகாமல் வேண்டுமென்றே போடுகிறான், நம் ஊரில் கோப்பு தொலைகிறது. எது உண்மைக்குப் பக்கம் என்று தாலுகா ஆபீஸ் போய்வந்தவர்கள் சொல்லட்டும்.

லாரிக்கு வருகிறேன். என்னோடு படித்த நண்பனின் உம்மா ஒரு கதை சொல்வார். உயிர் எடுக்கிற வேலையைக் கொடுத்ததும் மலக்குல் மவ்த் அழுதாராம், மனிதர்கள் எல்லாரும் என்னை வெறுப்பார்களே என்று. கவலைப்படாதே, நோய், விபத்து, முதுமை என்று ஆயிரம் காரணங்களைப் படைக்கிறேன், அவர்கள் அதைத்தான் பேசுவார்கள், உன் பேச்சையே எடுக்க மாட்டார்கள் என்றானாம் இறைவன். மவுத்து வீட்டில் வந்தவர்கள் எல்லாம் “என்ன செஞ்சுது, என்ன செஞ்சுது” என்று கேட்கும்போது உம்மா என்னைப் பார்த்துத் தலையாட்டுவார், பார்த்தியா என்பது போல. இறைவன் போட்ட அந்த ஏற்பாட்டில் உலகமே ஏமாந்திருக்கும்போது, லாரியைப் பார்த்து இது லாரி இல்லை என்று கண்டுபிடித்தவர் நம் உதவி ஆசிரியர் ஒருவர்தான்.

அப்பா எழுபத்தொன்றில் போனார். வீட்டில்தான், காலை காபி குடித்துவிட்டு. வந்தவர்களுக்கெல்லாம் அம்மா அதே வரிசையில் சொல்லிக்கொண்டிருந்தாள், காபி குடிச்சார், லேசா வேர்க்குதுன்னார், ஃபேன் போட்டேன், அவ்வளவுதான். நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன், ஒரு வார்த்தை மாறவில்லை. கருமாதி முடிந்து எல்லாரும் கிளம்பிய ராத்திரி, அத்தையும் நானும் மட்டும் இருக்கும்போது, அதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னாள். ஃபேன் போட்டதும் அப்பா வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாராம். “யாரோ வெயில்ல நிக்கிறாங்க பாரு, செருப்பெல்லாம் கழட்ட வேணாம்னு சொல்லு, ஒரு சொம்பு தண்ணி குடு” என்றாராம். அம்மா எட்டிப் பார்த்திருக்கிறாள், யாரும் இல்லை.

“சுகர் இறங்கியிருக்கும்” என்றார் அத்தை. “இறங்கினா அப்படித்தான் உளறுவாங்க. காலையில செக் பண்ணலையா?”