ஹலோ சொல்லிட்டுதான் கேள்வி கேக்கணுமாம்

ரெண்டு நாளா டைம்லைன் முழுக்க அந்த சிகாகோ கிளிப்தான், 2024 ஜூலை 31ல கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மாநாட்டு மேடையில ட்ரம்ப்பக் கேள்வி கேட்டது. எல்லாரும் பாத்திருப்பீங்க, திரும்பப் போடல. ட்ரம்ப் பேசுனத விட அதுக்குக் கீழ நம்ம ஆளுங்க எழுதுனதுதான் வயித்தெரிச்சல். "அந்தப் பொண்ணுக்கு மேனர்ஸே இல்ல, வீட்டுக்குக் கூப்பிட்டு அவமானப்படுத்திட்டா."

கேள்வி கேட்ட ஏபிசி நியூஸ் நிருபர் ரேச்சல் ஸ்காட் அப்படி என்னங்க பண்ணிட்டாங்க? ட்ரம்ப், ஒபாமா அமெரிக்காவுல பொறக்கலன்னு சொன்னது, நாலு பெண் காங்கிரஸ் உறுப்பினர்கள வந்த இடத்துக்கே போகச் சொன்னது, கறுப்பினப் பத்திரிகையாளர்கள மட்டம் தட்டுனது, எல்லாத்தையும் வரிசையாச் சொல்லி, கறுப்பின மக்கள் உங்கள ஏன் நம்பணும்னு கேட்டாங்க. அவர் பேசுனத அவர்கிட்டயே சொன்னா அவமானமாம். ஒரு ஹலோ கூட சொல்லலன்னு அவருக்கு வருத்தம், அவர விட நம்ம மாமாக்களுக்கு வருத்தம்.

அது கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மாநாடு சார், கல்யாண ரிசப்ஷன் இல்ல. கேள்வி கேக்கறதுதான் அவங்க வேலை. 1892ல மெம்ஃபிஸ்ல கறுப்பின மக்களக் கும்பல் கொலை பண்றதப் பத்தி கறுப்பினப் பத்திரிகையாளர் ஐடா பி. வெல்ஸ் எழுதுனதுக்கு அவங்க பத்திரிகை ஆபீஸயே அடிச்சு நொறுக்குனாங்க. 1955ல வெள்ளைக்காரங்க அடிச்சுக் கொன்ன 14 வயசு கறுப்பினப் பையன் எம்மெட் டில்லோட சிதைஞ்ச முகத்த, கறுப்பின மக்களுக்கான ஜெட் பத்திரிகை அப்படியே போட்டுச்சு, அதுவும் இதே சிகாகோவுலேர்ந்து. மரியாதை பாத்துட்டு இருந்தா அந்தப் படம் வந்திருக்குமா?

"பைடன இப்படிக் கேப்பாங்களா"ன்னு ஒருத்தர். கேட்டாங்களே! 2020ல கறுப்பின ரேடியோ தொகுப்பாளர் சார்லமேனோட ஷோவுல பைடன், எனக்கா ட்ரம்புக்கான்னு யோசிச்சா நீ கறுப்பனே இல்லங்கற மாதிரி உளறி, அன்னிக்கே வருத்தம் தெரிவிச்சாரு. தேடிப் பாருங்க, பத்து செகண்ட் வேலை.

மாநாட்டுக்கு ட்ரம்ப்பக் கூப்பிட்டதே தப்புன்னு சொல்றவங்க வேற கேஸ். அது அந்தப் பத்திரிகையாளர்களுக்குள்ளயே நடந்த சண்டை, கரேன் அட்டியாங்கற பத்திரிகையாளர் மாநாட்டு இணைத்தலைவர் பொறுப்பையே விட்டுட்டாங்க. அதுல நான் எந்தப் பக்கம்னு எனக்கே தெரியல, விடுங்க.

கமலா ஹாரிஸ் "திடீர்னு கறுப்பா மாறிட்டாங்க"ன்னு அதே மேடையில ட்ரம்ப் சொன்னதுக்கு சிரிப்பு எமோஜி போட்ட தமிழர்களே, அவங்க தாத்தா ஊரான துளசேந்திரபுரத்துல பேனர் வச்சா நம்ம பொண்ணு, கறுப்பினப் பெண்ணுன்னு சொன்னா மட்டும் வேஷமா? கறுப்பின மக்களுக்காகவே தொடங்குன ஹோவர்ட் பல்கலைக்கழகத்துல படிச்சவங்க. அம்மா சியாமளா எங்களக் கறுப்பினப் பெண்களாத்தான் வளர்த்தாங்கன்னு கமலாவே எழுதியிருக்காங்க, பெத்த அம்மாவ விட உங்களுக்குத் தெரியுமோ?

எனக்கு ஏன் இவ்ளோ கோவம்னு கேப்பீங்க. பழைய ஆபீஸ்ல எங்க டீம் பண்ண வேலைய இன்னொருத்தர் பேர்ல ஸ்லைடுல காட்டுனாங்க, ஏன்னு மீட்டிங்லயே கேட்டேன், பதில் வரல, ஆனா வருஷக் கடைசி ரிவ்யூவுல மட்டும் "டோன் சரியில்ல"ன்னு வந்துச்சு. அன்னிக்கு எனக்காக வாயத் திறந்தது பக்கத்து டீம் கறுப்பினப் பொண்ணு ஒருத்திதான். நம்ம ஊர்க்காரங்க எல்லாரும் லேப்டாப்பயே பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. அதே ஆளுங்கள்ல ஒருத்தர்தான் இப்ப ரேச்சல் ஸ்காட்டுக்கு மேனர்ஸ் கிளாஸ் எடுக்கறாரு. படிப்பீங்கன்னு தெரியும் அண்ணா, படிங்க.

முழு வீடியோவும் அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலதான். பாத்துட்டு வந்து திட்டுங்க, பதில் சொல்றேன். கிளிப்ப மட்டும் பாத்துட்டு மீம் போடறவங்கள பிளாக் பண்ணப் போறேன், அப்புறம் சொல்லலன்னு சொல்லாதீங்க.