எங்கட வாத்தியக் குழுவில எங்கட ஊர்ச் சத்தம் எங்க?

பத்து வருசமா மட்டக்களப்பில ஒரு வாத்தியக் குழுவில வயலின் வாசிக்கிறன். பள்ளிக்கூடப் பிள்ளைகள், வங்கியில வேலை செய்யிற அக்கா, பென்சன் எடுத்த தபால்காரர் எண்டு கலந்த கூட்டம். சம்பளம் இல்ல. சனிக்கிழமை பின்னேரம் கூடுவம்.

போன நிகழ்ச்சியில 14 உருப்படி. 11 சினிமாப் பாட்டு. அதில எனக்குக் கோபமில்ல, நானும் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். ஆனா அதே பட்டியலை திருச்சியிலயும் வாசிக்கலாம், டொரோண்டோவிலயும் வாசிக்கலாம். கல்லடிப் பாலத்துக்குப் பக்கத்தில இருந்து வாசிக்கிற எங்களுக்கெண்டு ஒரு சத்தம் வேணாமா?

கூத்துப் பாட்டு ஒண்டு இருந்தது. மூண்டு நிமிசம், அதுவும் கீபோர்ட் ரிதத்தோட. கூத்துப் பழக்கி மத்தளம் அடிக்கிற அண்ணாவியார் ஆட்டக்காரன்ட காலைப் பாத்துத்தான் மத்தளத்தைக் கூட்டுவார், குறைப்பார். கீபோர்ட் பெட்டிக்கு அந்தக் கால் தெரியுமா?

ஒருக்கா ஒரு அண்ணாவியாரை ஒத்திகைக்குக் கூட்டி வந்தம். வயலின் பிள்ளை ஒண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தது. "எண்ணாத மனே, பாட்டக் கேளு" எண்டு சொல்லி, தாளக்கட்டை வாயால சொல்லிக்கொண்டே காலால தட்டினார். நாலாவது தடவை பிள்ளையின்ட வில்லு அவர்ட காலோட போச்சு. எனக்குக் கண் கலங்கிப் போச்சு.

இஞ்ச என்ன இல்ல? போர்த்துக்கேயர் 1628இல கோட்டை கட்டினாங்க, பத்து வருசத்தில ஒல்லாந்தர் பிடிச்சிட்டாங்க. ஆனா அவங்கட வழிவந்த பறங்கியர் வீட்டுக் கலியாணத்தில கப்ரிஞ்ஞா எண்ட ஆட்ட இசையும் வயலினும் மிஞ்சி நிக்குது. ஆறெட்டுத் தாளம், எங்கட வயலின் வரிசைக்கு அதைவிட நல்ல பயிற்சி இல்ல. முஸ்லிம் ஊர்களில றபான் மேளமும் பொல்லடி எண்ட கோலாட்டமும் இருக்கு. வைகாசியில கண்ணகி அம்மன் சடங்கில அம்மனைக் குளிர்விக்கிற குளுத்திப் பாட்டு. காரைதீவில பிறந்த விபுலானந்த அடிகள் அந்தக் கண்ணகியின்ட காப்பியத்துக்குள்ள இசையைத் தேடி, 1947இல யாழ் நூலை வெளியிட்டார். அவர்ட படத்துக்கு மாலை போட்டுத்தான் நிகழ்ச்சி தொடங்குறம். அவர் தேடின பண் ஒண்டையாவது வாசிச்சமா?

"சனம் கேக்காது" எண்டு குழுவுக்குள்ளயே சொல்லுறாங்க. விடிய விடியக் கூத்துப் பாக்கிற சனம் இது! அரைகுறையா வாசிச்சா எதையும் கேக்காது, அது வேற கதை.

அடுத்த நிகழ்ச்சிக்கு ஆறு உருப்படி போதும். அதில மூண்டு இந்த மண்ணுடையது, ஒவ்வொண்டும் பத்து நிமிசமாவது. ரிதம் பெட்டி வேணாம். அதே மூண்டையும் அடுத்த வருசமும் வாசிப்பம், அப்பதான் கையில ஊறும்.

மத்தளம், சல்லரி (கைத்தாளம்), றபான் தெரிஞ்ச ஆக்கள் இருந்தா உள்பெட்டியில எழுதுங்க. சனிக்கிழமை நாலு மணிக்குக் கதிரை போட்டு வைக்கிறன்.