கண்ணை எடுக்காமல் கை போகவேண்டும்

போன மாரியில் மருமகனின் புதுக் காரில் கொழும்பிலிருந்து வந்துகொண்டிருந்தோம். ஆனையிறவைத் தாண்டும்போது இரவு பதினொரு மணி இருக்கும். நல்ல மழை. முன்கண்ணாடியில் உட்பக்கமாகப் புகார் பிடித்து வீதியே தெரியவில்லை. கண்ணாடிக்குக் காற்று அடிக்கவேண்டும், ஆனால் அதற்கென்று ஒரு சுவிட்ச் கிடையாது. நடுவில் இருக்கும் பெரிய திரையில் ஏசி படத்தைத் தொட்டு, அது விரிந்த பிறகு இன்னொரு பக்கத்துக்குப் போய்த் தேடவேண்டும். “பொறுங்கோ மாமா, இங்கதான் எங்கயோ இருந்தது” என்று அவன் திரையைத் தட்டிக்கொண்டிருக்க, நான் கையால் கண்ணாடியைத் துடைத்தேன். துடைத்த இடைவெளியில் கட்டாக்காலி மாடுகள் நாலைந்து வீதியில் படுத்திருந்தது தெரிந்தது. நான் கத்தின கத்தில் பிரேக் அடித்தான். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் 60 கிலோமீற்றர் வேகத்தில் ஐந்து விநாடிக்குள் கார் 80 மீற்றருக்கு மேல் ஓடிவிடும். அந்தக் கணக்கை நினைத்து அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

அப்பாவிடம் ஒரு மொறிஸ் மைனர் இருந்தது. டாஷ்போட்டின் நடுவில் ஒரேயொரு பெரிய வட்ட மீற்றர், அதற்குள்ளேயே பெற்றோல் முள். கீழே இழுக்கும் குமிழ்கள். தொண்ணூறுகளில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். அப்பா வீதியைப் பார்த்தபடியே சோக்கை (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் பண்ண உதவும் குமிழ்) அரைவாசி இழுப்பார், எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மெல்ல உள்ளே விடுவார். கரண்ட் இல்லாத ஊரில், இருட்டில், அவர் ஒருநாளும் அந்தக் குமிழைத் தேடி நான் பார்த்ததில்லை.

பிறகு, போரால் மூடிக்கிடந்த ஏ-9 என்ற யாழ்ப்பாண வீதி திறந்து, ஜப்பானில் ஓடிய கார்கள் இங்கே நிறைய வந்தன. திறப்பைத் திருப்பினால் ஒரு பெண் குரல் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்லும். திரையில் ஜப்பான் வரைபடம். ஜப்பானில் எஃப்எம் அலைவரிசை 76 இல் தொடங்குவதால், பழைய ரேடியோக்கள் 90 உடன் நின்றுவிடும். எங்கள் நிலையங்கள் பல அதற்கு மேலே இருப்பதால் மாற்றுக்கருவி ஒன்று பூட்டவேண்டும். ஆனால் ஒரு விசயத்தைக் கவனியுங்கள். எழுத்து விளங்காமலே ஏசியையும் கண்ணாடிக் காற்றையும் எல்லோரும் சரியாகப் பாவித்தோம். சுவிட்ச் இருந்த இடத்திலேயே இருந்தது, கை அதைப் பழகிவிட்டது. அந்தக் கார்களில் எங்களால் தொடமுடியாமல் போனது திரை ஒன்றைத்தான்.

தொடுதிரை நேற்று வந்த சாமான் அல்ல. 1986 இலேயே பியூக் ரிவியேராவில் இருந்தது. 2012 இல் டெஸ்லா மொடல் எஸ் 17 அங்குலத் திரையோடு வந்தபிறகு மற்றவர்களும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். பத்துச் சுவிட்ச் செய்து, வயர் இழுத்துப் பூட்டுவதைவிட ஒரு திரை அவர்களுக்கு லாபம். பின்பக்கக் கமராவுக்கும் வரைபடத்துக்கும் திரை நல்லதுதான், அதை நான் மறுக்கவில்லை. வைப்பரையும் கண்ணாடிக் காற்றையும் அதற்குள் ஒளித்துவைப்பதைத்தான் ஏற்கமுடியாது.

2022 இல் வி பில்எகாரெ என்ற சுவீடன் வாகனச் சஞ்சிகை இதைச் சோதித்துப் பார்த்தது. 110 கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டியபடி, ரேடியோ மாற்றுவது, சூடு கூட்டுவது போன்ற சின்ன வேலைகள் சில. சுவிட்ச் உள்ள 2005 ஆம் ஆண்டு வொல்வோவில் அவை 10 விநாடியில், 306 மீற்றருக்குள் முடிந்தன. திரையை நம்பிய ஒரு புதுக் கார் அதே வேலைகளை முடிப்பதற்குள் 1,372 மீற்றர் ஓடிவிட்டது! ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கெப் அமைப்பும், இண்டிகேற்றர், ஹோர்ண், வைப்பர் போன்றவற்றுக்குத் தனிச் சுவிட்ச் இல்லையென்றால் 2026 முதல் புள்ளி குறையும் என்று சொல்லிவிட்டது.

2025 இல் இறக்குமதித் தடை எடுபட்டபிறகு எங்கள் ஒழுங்கைகளிலும் புதுக் கார்கள் கூடிவிட்டன. வாங்கப் போகிறவர்கள் திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன், சாரதி இருக்கையில் இருந்து கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடிக் காற்றைப் போட்டுப் பாருங்கள். முடியவில்லை என்றால் விற்பவரிடம் முகத்துக்கு நேரே சொல்லுங்கள். நாங்கள் கேட்காவிட்டால் யாரும் மாற்றித் தரப்போவதில்லை.

மருமகன் இப்போது மழை நாட்களில் வரைபடத்தை மூடிவிட்டு, ஏசி பக்கத்தைத் திறந்தபடியே வைத்துக்கொண்டுதான் ஓடுகிறான்.