பிரேடி கல்லூரியில் பெஞ்சில் இருந்தவர் அல்ல

"டாம் பிரேடி மிச்சிகனில் பெஞ்சைத் தேய்த்தவர், அதனால் கல்லூரி ஆட்டத்தை வைத்து எந்தக் குவார்ட்டர்பேக்கையும் எடைபோட முடியாது" என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். பிரேடி பின்னாளில் அமெரிக்கக் கால்பந்தின் நட்சத்திரமான குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர். எழுதியது பாதிதான் சரி. மிச்சிகன் பல்கலைக்கழக அணியில் முதல் சில வருடங்கள் அவர் மாற்று ஆட்டக்காரராகப் பெஞ்சில் இருந்தது உண்மை. ஆனால் 1998, 1999 இரண்டு சீசனிலும் எல்லா ஆட்டத்திலும் தொடக்கத்திலேயே களமிறங்கிய குவார்ட்டர்பேக் அவர்தான். 25 ஆட்டங்களில் 20 வெற்றி.

1999-இன் முதல் பாதியில் அதே அணியின் இன்னொரு குவார்ட்டர்பேக் ட்ரூ ஹென்சனுடன் இடத்தைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது: முதல் கால்பகுதி பிரேடி, இரண்டாவது ஹென்சன், இடைவேளைக்கு அப்புறம் யார் என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்வார். இந்தக் குழப்பம் அவர் மதிப்பைக் குறைத்தது. கூடவே ஒல்லியான உடம்பு, 40 கெஜம் ஓட 5.28 விநாடி. தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் 2000 டிராஃப்டில் 199-ஆவது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார்.

டிராஃப்டுக்கு முன்பு, அதே வருடம் ஜனவரி 1 அன்று நடந்த ஆரஞ்சு பௌல் என்ற கல்லூரி ஆட்டத்தின் வீடியோ கிடைத்தால் பாருங்கள். அலபாமாவிடம் இரண்டு முறை 14 புள்ளி பின்தங்கி, 369 கெஜம் எறிந்து, நான்கு டச்டவுன் (எதிரணியின் எல்லைக்குள் பந்தைச் சேர்த்துப் பெறும் புள்ளி) பாஸ் கொடுத்து, கூடுதல் நேரத்தில் 35-34 என்று மிச்சிகனை ஜெயிக்க வைத்தார். நெருக்கடியில் நிதானம் அப்போதே கண்ணுக்கு முன்னால் இருந்தது. டிராஃப்டில் அணிகள் கோட்டைவிட்டது அதைத்தான்.